தராசுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வயர்

அந்தப் பெட்டியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

சவர்க்காரக் கட்டியளவுதான் இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே ஒரு சிவப்பு லைட், ஒரு பச்சை லைட். பச்சை மட்டும் நின்று நின்று கண் வெட்டும். முதலாளியின் மருமகன், அதாவது அவருடைய தங்கை மகன், அதைக் கொண்டுவந்து தராசுக்குப் பின்னால் உள்ள தூணில் கட்டினான். புத்தளம் டவுனில் போன் திருத்துகிற, கெமரா பூட்டுகிற கடை வைத்திருக்கிறவன். முப்பது வயது இருக்கும். தராசின் பின்பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்துப் பெட்டியில் செருகினான்.

"இது என்னத்துக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"சின்னக் கம்ப்யூட்டர் ராத்தா. லினக்ஸ்ல ஓடுது. எத்தன கிலோ எண்டு தராசு சொல்லுறதக் கேட்டு மாமாட போனுக்கு அனுப்பும்."

"நான் போன்ல சொல்லுறது காணாதா?"

அவன் சிரித்தான். முதலாளிக்கு என் சொல் மட்டும் காணாது என்று எனக்கு விளங்கியது.

நான் நண்டு வாடியில் நிறுக்கிறவள். கற்பிட்டிக்குப் போகிற பாதையில், களப்புக் கரையில் நண்டு வாங்கி ஏற்றுகிற கொட்டில்தான் அந்த வாடி. காலையில் போட்டுகள் வலையோடு வரும். பெண்கள் நிழலில் இருந்து வலையிலிருந்து நண்டைக் கழற்றுவார்கள். பெரிது ஒரு பக்கம், சிறிது ஒரு பக்கம். பிறகு தராசுக்கு வரும். பகல் ஐஸ் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதலாளி டவுனில் இருக்கிறார். வாடிப் பக்கம் எப்போதாவதுதான் வருவார்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த பிள்ளை நான். கொஞ்ச தூரம் நடந்தேன், மிச்ச தூரம் தூக்கினார்கள் என்று உம்மா சொல்வார். எனக்கு ஞாபகம் இல்லை. முகாமில் வளர்ந்தேன். இங்கேயே கலியாணம், இங்கேயே பிள்ளைகள். ஆனாலும் ஊர்க்காரருக்குக் கோபம் வந்தால் எங்களை 'வந்தவங்க' என்பார்கள். கோபம் இறங்கினால் மறந்துவிடுவார்கள். நாங்கள் மறப்பதில்லை.

தராசில் இருக்கிற ஆளை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர்க்காரரும் வேண்டும், வந்தவர்களும் வேண்டும். எனக்கு முன் இருந்தவரை ஒரு பக்கம் கள்ளன் என்றது. அதற்கு முன் இருந்தவரை மற்றப் பக்கம் சொன்னது. என்னை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் முதலாளி என்னை இருத்தினார். அந்த இடம் போனால் சம்பளம் மட்டும் போகாது. நான் எந்தப் பாதையால் போனாலும் பின்னால் ஒரு சொல் வரும். பிள்ளைகளுக்கும் வரும்.

நிறுக்கிற முறை இப்படி. வெறும் கூடையைத் தட்டில் வைப்பேன். பொத்தானை அமத்தி சைபர் ஆக்குவேன். நண்டுக்காரர் எட்டிப் பார்த்து "ம்" என்பார். பிறகு அவர் கொட்டத் தொடங்குவார். அவர் கொட்டி முடிகிற வரைக்கும் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஸ்பிரிங் தராசுக் காலத்திலிருந்து வாடியில் அதுதான் வழக்கம். நிறுக்கிறவரின் கை முன்னால் இருந்தால் நண்டுக்காரர் கொட்டமாட்டார். எண் நின்றதும் சத்தமாகச் சொல்வேன். அவ்வளவுதான்.

பெட்டி வந்த பிறகு அந்த எண் பிழையாக வரத் தொடங்கியது.

முதல் சத்தம் போட்டது ஒரு போட்டுக்காரர். இரண்டு போட் வைத்திருக்கிறவர். அண்ணனை நானா என்பதும் அக்காவை ராத்தா என்பதும் எங்கள் வழக்கம், அவரையும் நானா என்போம். ஊர்க்காரர். குரல் பெரிது. அவர் கொட்டி முடிந்ததும் நான் எண்ணைச் சொன்னேன்.

"பதினாறு எழுநூறு."

"எத்தன?"

"பதினாறு கிலோ எழுநூறு நானா."

"தோள்ல தூக்கிட்டு வந்தது நான். இருவதுக்கு ஒரு நண்டு குறையாது."

"அப்ப திருப்பி நிறுப்பம்."

திருப்பி நிறுத்தோம். இருபதுக்கு மேல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப அந்த நாலு கிலோ எங்க போன ராத்தா?"

நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் அங்கிருந்தே சொன்னாள். "நண்டுக்கு ஒண்ணுக்கு வந்திருக்கும் நானா. போயிட்டு வந்து ஏறியிருக்கும்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் திரும்பி பெட்டியைப் பார்த்தேன். பச்சை லைட் கண் வெட்டியது.

பிறகு அது அடிக்கடி நடந்தது. எல்லாக் கூடைக்கும் இல்லை. ஒன்றில் சரியாக இருக்கும், அடுத்ததில் மூன்று கிலோ குறையும், அதற்கடுத்து நாலு கூடை சரியாகப் போகும். எப்போதும் பிழைத்தால் தராசு பழுது என்று விட்டுவிடலாம். இடைக்கிடை பிழைத்தால் ஆளைத்தான் பார்ப்பார்கள். நண்டுக்காரர்கள் என் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பின்னால் கட்டிய கையைப் பார்க்க ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் நிற்கிறபோதே ஒரு கூடை குறைந்தது. அவர் என் காலைப் பார்த்தார்.

அதே கிழமை முதலாளி போன் எடுத்தார்.

"புள்ள, சில நிறை எனக்கு வருதில்லையே."

"நான் எல்லாத்தையும் நிறுத்துத்தான் ஏத்துறன் முதலாளி."

"நீங்க நிறுக்கல்ல எண்டு சொல்லல்ல. போனுக்கு வரல்ல எண்டுதான் சொல்லுறன்."

"அப்ப பெட்டியத்தான் கேக்கணும்."

"பெட்டிக்கு வாய் இல்லையே புள்ள."

அந்தச் சொல்லை நான் இரண்டு நாள் மென்றேன். அவர் எப்படி நினைக்கிறார் என்று விளங்கியது. நண்டுக்காரருக்கு நிறை குறைகிறது. முதலாளிக்குச் சில கூடைகள் கண்ணிலேயே படவில்லை. லொறியில் நாலைந்து வாடி நண்டும் ஐஸும் கலந்துதான் போகும், அங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற யாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். தராசில் இருக்கிறவள் ஆட்களிடம் குறைத்து எடுக்கிறாள், எடுத்ததைக் கரையில் இருக்கிற மற்ற வாடிக்குக் கொடுக்கிறாள். நான் வெளியே நின்று பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எனக்கு மருமகன் மேல்தான் சந்தேகம். பெட்டி வருமுன் ஒரு பிழையும் இல்லை. தராசில் இருத்துவதற்கு அவர்களுக்குச் சொந்தத்தில் ஆள் இருக்கலாம். என்னைச் சும்மா எழுப்ப முடியாது. ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தூணில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் எந்தச் சாமான் பிழைத்தாலும் ஒரே வைத்தியம்தான். தண்ணிப் பம்ப் என்றாலும் டீவி என்றாலும் பிளக்கைக் கழற்றிப் போடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். எல்லோருக்கும் முன்னால் செய்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்ட. போட்டுக்காரரின் கூடை தட்டில் இருந்தது. பதினெட்டு இருநூறு. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப கரண்ட்ட நிப்பாட்டிப் போடுறன். எண் மாறினா சொல்லுங்க."

தராசுக்கும் பெட்டிக்கும் ஒரே பிளக். அதைக் கழற்றினேன். தராசுக்குள் பற்றரி இருக்கிறது, அது நிற்கவில்லை. பதினெட்டு இருநூறு அப்படியே எரிந்தது. பெட்டியின் லைட் மட்டும் செத்தது. பிளக்கைப் போட்டேன். பெட்டி எழும்பியது. எண் அப்படியே நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதே எண் சைபர் ஆனது. நண்டு நிறைந்த கூடை தட்டில் இருக்க, சைபர்.

"பார்த்தீங்களா?" என்றார் போட்டுக்காரர். "பார்த்தீங்களா எல்லாரும்? சுவிச் வச்சிரிக்கா!"

"நான் பிளக்கத்தான் தொட்டன் நானா."

"ஓம், ஓம். பிளக்கத்தான் தொட்ட. வந்தவங்கட கெட்டித்தனம் எங்களுக்கு வராதுதான்."

கூடையைத் தூக்கித் தோளில் வைத்தார். கரையோடு நடந்து மற்ற வாடிக்குப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். கழற்றுகிற பெண்களுக்கு அன்று பாதி வேலைதான். எங்கள் முகாம்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து, "நீங்க செய்யல்லண்டு எங்களுக்குத் தெரியும் ராத்தா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே முதலாளி போன் எடுத்தார்.

"நாளைக்குத் தராசில இருக்க வேணாம் புள்ள. நண்டு கழற்றுங்க. மருமகன் வந்து பார்க்கட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்."

சரி என்றேன்.

மறுநாள் போய் மற்றப் பெண்களோடு இருந்து நண்டு கழற்றினேன். அவர்கள் எனக்கு இடம் விட்டார்கள். வழக்கத்தை விடக் கூடுதலாகவே விட்டார்கள்.

மருமகன் லெப்டொப்போடு வந்தான். பிளேன்டீ கொடுத்தேன். குடிக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் பதிந்திருந்ததை லெப்டொப்பில் வாசித்தான். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. என்னைக் கூப்பிட்டான்.

"ராத்தா, இதுக்குள்ள வரப் பார்த்தது யாரு?"

"எதுக்குள்ள?"

"இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள. யாரோ கணக்கில்லாம வரப் பார்த்திரிக்காங்க. ஒவ்வொரு நாளும். பாஸ்வேர்ட் பிழை, பாஸ்வேர்ட் பிழை எண்டு பதிஞ்சிரிக்கு. ஆள் பேர் தெரியாது எண்டு போட்டிரிக்கு."

"அது எனக்கென்ன தெரியும்?"

"வைபையால வரல்ல ராத்தா. இந்த வயரால வந்திரிக்காங்க." தராசு வயரைத் தொட்டுக் காட்டினான். "நீங்க இருக்கிற இடத்துக்குப் பின்னாலதான் இந்த வயர் இரிக்கி."

"தம்பி, என்ட மகளுக்கு நான் மெசேஜ் அனுப்புறதே குரல்ல. எழுத்தால இல்ல."

"நீங்க எண்டு நான் சொல்லல்ல. யாரையும் கிட்ட விட்டீங்களா?"

"யார?"

"மத்த வாடிக்காரங்க யாரையும்."

நான் அப்படியே வலைக்குத் திரும்பிப் போனேன். ஆனால் கண்ணை அவன் மேலேயே வைத்திருந்தேன். தன் பிழையை என் தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆளா என்று பார்த்தேன். ஒரு நண்டு விரலைப் பிடித்தது. அதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.

அவன் வயரைத் தராசிலிருந்து கழற்றி, அந்த முனையைத் தன் லெப்டொப்பில் செருகினான். அந்த வயரில் வந்து யார் என்ன செய்திருக்கலாம் என்று பார்க்கத்தானாம். திரையைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்தான்.

"ராத்தா, வாங்க. இதப் பாருங்க."

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. ஒரு வரிதான்.

"என்ன போட்டிரிக்கு?"

"நீ யாரு எண்டு கேக்குது. பேரச் சொல்லு எண்டு."

"யாரிட்ட?"

"வயர்ட மத்தத் தொங்கல்ல இருக்கிற ஆளிட்ட. மத்தத் தொங்கல்ல யாரு இருந்த? தராசு." அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பில்லை. "உள்ள வரப் பார்த்த கள்ளன் தராசு ராத்தா."

எனக்கு விளங்கவில்லை. நம்பவும் இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவன் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி சொல்கிறேன்.

அந்த மாதிரிச் சின்னக் கம்ப்யூட்டருக்கு சீரியல் போர்ட் என்று ஒரு வாசல் இருக்கிறது. வயர் போகிற இடம் அது. டீவி, கீபோர்ட் ஒன்றும் இல்லாமல் அந்த வாசலால் வந்து கம்ப்யூட்டரைத் திருத்தலாம். அதற்காக, வாங்கி வருகிறபோதே அந்த வாசலில் கம்ப்யூட்டர் தானே காவலுக்கு நிற்கும். யார் வந்தாலும் பெயர் கேட்கும். பாஸ்வேர்ட் கேட்கும். வாசலை விடு என்று நாம் சொல்லாவிட்டால் விடாது. இவன் சொல்ல மறந்துவிட்டான்.

எங்கள் தராசு, நிறை ஆடாமல் நின்றால் அதை ஒரு தடவை வயரில் சொல்லும். பெட்டியில் இரண்டு காது. ஒன்று மருமகன் போட்ட புரோகிராம். மற்றது காவல்காரன். சில எண்ணை இது கேட்டது, சிலதை அது கேட்டது. காவல்காரன் கேட்ட எண் முதலாளிக்குப் போகவில்லை. காவல்காரன் அந்த எண்ணை ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்டது. தராசு அடுத்த நிறையைச் சொன்னது. பிழை என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து கேட்டது. அது எழுதி அனுப்பிய கேள்விக்குள்ளே ஒரு எழுத்து, இந்தத் தராசுக்குச் சைபர் ஆக்கச் சொல்கிற கட்டளை. நண்டைக் கொட்டுகிறவர் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்குவார். அந்த நேரம் எண் நின்று, தராசு அதைச் சொல்லி, பதிலுக்குக் கட்டளை வந்தால், அதுவரை கொட்டிய நண்டு கணக்கில் இல்லை.

"அப்ப நீங்கதான் பிழை விட்ட," என்றேன்.

"ஓம் ராத்தா. நான்தான்."

ஒளிக்காமல் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்தான். ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இவன் என்னிடம் சொன்னான். ஊருக்கு யார் சொல்வது?

அவன் ஏதோ அடித்தான், வயரை மறுபடி தராசில் செருகினான். "இனி அது பேர் கேக்காது. எல்லாம் சரி."

"கரண்ட் போய் வந்தா?"

"ஒண்டும் ஆகாது."

"அப்ப போய் போட்டுக்கார நானாவக் கூட்டிட்டு வாங்க."

"என்னத்துக்கு ராத்தா? நான் மாமாக்குச் சொல்லுறன்தானே."

"மாமாக்குச் சொன்னா மாமாக்குத் தெரியும். கூட்டிட்டு வாங்க."

மோட்டர் சைக்கிளில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். போட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"என்ன, வழக்கு விசாரணையா?"

ஒரு கூடையில் கல்லை நிரப்பித் தட்டில் வைத்தார்கள். எண் நின்றது. நான் தராசுக்குக் கிட்டே போகவில்லை. வாடிக்கு வெளியே, பெண்களுக்கு நடுவில் நின்றேன். அங்கிருந்து சொன்னேன்.

"நானா, நீங்களே பிளக்கக் கழற்றிப் போடுங்க. வேற ஒருத்தரும் தொட வேணாம்."

"நான் போடுறதா?"

"ஓம். நீங்க."

கழற்றினார். போட்டார். பெட்டியின் லைட் வந்தது. எல்லோரும் எண்ணையே பார்த்தார்கள். எண் நின்றது. நின்றது. பிறகு சைபர் ஆனது.

மருமகன் "சே" என்றான். பிறகு அந்த ஒண்ணுக்குக் கதை சொன்னவள்தான் வாயைத் திறந்தாள்.

"நானா, நீங்களும் கூட்டா?"

"என்ன கூட்டு?"

"கல்லையுமா களவெடுக்கிற? நண்டு காணாதா உங்களுக்கு?"

வாடியே சிரித்தது. போட்டுக்காரரின் கழுத்து வரை சிவந்தது.

"நான் பிளக்கத்தான் தொட்டன்!" என்று கத்தினார்.

அந்தச் சொல்லை முந்தின நாள் நானும் சொன்னேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். சட்டென்று வாயை மூடினார்.

மருமகன் மறுபடி குந்தினான். போனில் வாசித்தான், லெப்டொப்பைப் பார்த்தான். பெயர் கேட்பதை மட்டும்தான் முதலில் நிற்பாட்டியிருக்கிறான். கம்ப்யூட்டர் எழும்புகிறபோது தான் என்னென்ன செய்கிறேன் என்று அதே வயரில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு எழும்புமாம். அதை வேறு இடத்தில் நிற்பாட்ட வேண்டும். ஒரு பைலைத் திறந்தான். நீளமான ஒரே வரி. அதில் ஒரு சொல்லைத் தேடி அழித்தான். அழிக்குமுன் எனக்குக் காட்டினான். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

"இப்ப போடுங்க நானா."

போட்டுக்காரர் கழற்றிப் போட்டார். எண் நின்றது. காத்திருந்தோம். மாறவில்லை. மறுபடி கழற்றினார். மறுபடி போட்டார். கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைத்துப் பார்த்தார். தான் கள்ளனில்லை என்று தனக்கே காட்ட வேண்டும் போல் அவருக்கு. பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"இப்ப போர்ட் ப்ரீ," என்றான் மருமகன்.

"ப்ரீ எண்டா?"

"வாசல்ல இப்ப பெட்டி நிக்கல்ல நானா. தராசு சொல்லுறத எங்கட புரோகிராம் மட்டும் கேக்கும்."

"கேக்க மட்டும்தானே?"

"ஓம்."

"அப்ப கதைக்கிற கம்பி என்னத்துக்கு? அத வெட்டு."

"தேவையில்ல நானா. அதான் நிப்பாட்டியாச்சே."

"தம்பி, முதல்லயும் நீ சரியெண்டுதான் சொன்ன. வெட்டு."

கறுப்பு வயரின் தோலை உரித்தான். உள்ளே மூன்று கம்பி. ஒன்றை வெட்டி, முனைக்கு டேப் சுற்றினான். போட்டுக்காரர் டேப்பை இழுத்துப் பார்த்தார். நானும் கிட்டே போய் இழுத்துப் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சி.

பின்னேரம் முதலாளி போன் எடுத்தார்.

"எல்லாம் கேள்விப்பட்டன். நாளைக்குத் தராசில இருங்க புள்ள."

"என்னை எழுப்பினத எல்லாரும் பார்த்தாங்க முதலாளி."

"அதுக்கு?"

"இருக்கச் சொல்லுறதையும் எல்லாரும் கேக்கணும்."

மறுநாள் காலையில் முதலாளியின் வேன் வந்து நின்றது. இறங்கி வந்து வாடி நடுவில் நின்று, "பிழை மெஷின்ல. இந்தப் புள்ளையில இல்ல. தராசில இவதான்" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. போட்டுக்காரரின் கூடைதான் முதலில் வந்தது. எண்ணைச் சொன்னேன். திருப்பி நிறுக்கச் சொன்னார். நிறுத்தேன். அதே எண். "ம்" என்றார்.

கொஞ்ச நாளில் மருமகன் மறுபடி வந்தான். கையில் ஒரு கெமரா.

"இது என்னத்துக்கு?"

"பெட்டிக்குத்தான் ராத்தா. லைட் எரியுதா, வயர் கழண்டிருக்கா எண்டு அங்கயிருந்தே பார்க்கலாம். மாமா சொன்ன."

"பெட்டிக்கு எண்டா பெட்டியப் பார்த்து வைங்க."

வைத்தான். போனில் காட்டச் சொன்னேன். பெட்டி தெரிந்தது, தூண் தெரிந்தது, என் இடது தோளும் தெரிந்தது.

"தோள் மட்டும்தானே ராத்தா," என்றான்.

அவன் போன பிறகு நான் இருக்கிற கதிரையைச் சுவர்ப் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அங்கிருந்து தராசின் எண் சரிவாகத்தான் தெரியும். பழகிவிட்டது. கெமராவில் தோள் காணவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கும். இதுவரை கேட்கவில்லை.